பிடரித் தட்டு

ஆறு இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தனித்தனியே ஓடி, மறுபடி ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு காடு இருந்தது. சுற்றிலும் தண்ணீர். மழைக்காலம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் காட்டுத் தரையைவிட உயரமாக ஏறிவிடும். அப்போது காட்டுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே நிற்பது ஒரு மண்கரை மட்டும்தான். அந்தக் கரையை மருத மரங்களின் வேர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

கரையைக் காவல் காக்க ஏழு கீரிகள் இருந்தார்கள். தெற்குக் கரை சிலும்பனுடைய பொறுப்பு.

சிலும்பன் சட்டம் தவறாதவன். கொஞ்சம் அதிகமாகவே தவறாதவன். காலையில் எழுந்ததும் தன் வாலைத் தானே ஒருமுறை மோந்து பார்த்து, நம்மவன்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காவலுக்குக் கிளம்புவான் என்று மற்றக் கீரிகள் அவனைக் கேலி செய்வார்கள். அவன் சிரிக்க மாட்டான். அதில் என்ன தப்பு என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

ஆனால் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆற்றில் நீந்திக் கரையேறும் பாம்பு எதுவாக இருந்தாலும் அவன் மூக்குக்குத் தப்பாது. உடம்பு முழுவதும் மயிர் சிலிர்த்து, இரண்டு மடங்கு பெரிதாகி, ஒரே பாய்ச்சலில் கழுத்தைப் பிடித்துவிடுவான்.

குழந்தைகளே, அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் கீரிகளுக்குக் கோபம் வந்தால் அடங்கத் தெரியாது. ஒரு கோடையில் ஒரே நாளில் மூன்று பாம்புகள் கரையேறின. மூன்றையும் கீரிகள் கொன்றார்கள். கொன்ற பிறகும் கோபம் இறங்கவில்லை. அசைந்ததையெல்லாம் கடித்தார்கள். பதுங்கி என்ற முயலின் அண்ணனும் தம்பியும் அன்றைக்குப் புல்மேட்டிலேயே செத்துப்போனார்கள். கோபம் தணிந்ததும் கீரிகள் அழுதார்கள். அழுது என்ன பயன்?

காடு கூடி யோசித்தது. ஒவ்வொரு கீரிக்கும் பிடரியில், நெல்லிக்காய் அளவில், மயிர் சுழித்த இடம் ஒன்று உண்டு. குட்டிகள் சண்டை போட்டால் தாய்க் கீரி அந்தச் சுழியில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டும். உடனே கோபம் நான்கு கால் வழியாகவும் தரையில் இறங்கிவிடும். இதையே எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இந்தக் காட்டைச் சேர்ந்தவர் யாரையாவது கீரி பிடித்துவிட்டால், அவர் கையை நீட்டிச் சுழியில் இரண்டு தட்டுத் தட்டலாம். தட்டினால் கீரி விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். குட்டிகள் கண் திறந்த அன்றே இந்தப் பிடரித் தட்டைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

நல்ல சட்டம். அதன் பிறகு கீரியின் பல்லில் நம்மவர் ஒருவரும் சாகவில்லை. பாம்புக்குக் கை கிடையாது. ஆகவே இந்தத் தட்டை யாரும் தவறாகப் பயன்படுத்த வழியே இல்லை என்று காடு நிம்மதியாக இருந்தது.

பொந்தையனுக்குக் கை இருந்தது.

பொந்தையன் ஒரு பெருச்சாளி. வெளியிலிருந்து வந்தவன் இல்லை. தெற்குக் கரையிலேயே ஒரு மருத மரத்தின் வேருக்கடியில் பிறந்து, அங்கேயே கண் திறந்து, அங்கேயே தட்டக் கற்றவன். பல வருஷம் எல்லோரையும் போலத்தான் இருந்தான்.

அந்தக் காட்டுப் பெருச்சாளிகளுக்கு ஓர் அளவு உண்டு. குடும்பத்துக்கு ஒரு வளை. பட்டுப்போன வேரை மட்டும் தின்பது. குட்டிகள் பெரிதானால் கரையை விட்டு விலகி நடுக்காட்டுக்குப் போய்விடுவது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வயிறு நிறைந்தால் கை தானாக நிற்கிறதல்லவா, அந்த மாதிரி.

ஒரு நாள் பொந்தையனுக்கு அந்த அளவு மறந்துபோனது. ஏன் மறந்தது என்று யாருக்கும் தெரியாது. தலையில் மரக்கட்டை விழுந்தது என்று சிலர் சொன்னார்கள். கெட்டுப்போன கிழங்கைத் தின்றான் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லாமலேகூட மறந்திருக்கலாம். இருந்த வளைக்குப் பக்கத்தில் இன்னொன்று தோண்டினான். அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் பக்கவாட்டில் ஒன்று. அவனுடைய குட்டிகள் பெரிதாகியும் போகவில்லை, அவர்களும் தோண்டினார்கள். அவர்களுடைய குட்டிகளும் தோண்டினார்கள். யாராவது கேட்டால், "இன்னும் ஒன்றே ஒன்றுதான்" என்பான்.

பச்சை வேர்களையும் கடித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். நடுக்காட்டு ஊற்றிலிருந்து வரும் ஓடையைத் தங்கள் வளைப்பக்கம் வெட்டித் திருப்பிக்கொண்டார்கள். முயல்கள் தண்ணீர் குடிக்கும் பள்ளம் வறண்டது.

சிலும்பன் மூக்குக்கு அது எட்டாமல் இருக்குமா? ஒரு காலையில் காவல் வரும்போது ஒரு வாடை அடித்தது. பெருச்சாளி வாடைதான், ஆனால் அழுகிய வேரும் சேறும் கலந்து, ஏதோ மாறியிருந்தது. அவனுக்கு மயிர் சிலிர்த்தது. வாடையைப் பிடித்துக்கொண்டு போய், வளையிலிருந்து தலை நீட்டிய பொந்தையனைக் கழுத்தோடு கவ்விவிட்டான்.

பொந்தையன் பதறவில்லை. கையை நீட்டிப் பிடரியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

சிலும்பனுக்குள் இருந்த கோபம் சரசரவென்று இறங்கியது. மனம் இளநீர் குடித்ததுபோல் ஆனது. எதற்கு வந்தோம் என்பதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

மறுநாளும் அதே வாடை. சிலும்பன் போனான், பொந்தையன் தட்டினான், சிலும்பன் திரும்பி வந்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. மற்றவர்கள் வருஷத்தில் ஒரு முறை தட்டினால் அதிகம். பொந்தையனோ சிலும்பனைப் பார்த்ததும் தட்டினான். சிலிர்ப்பதற்கு முன்னாலேயே தட்டினான். போகப் போக ஒவ்வொரு வளை வாசலிலும் ஒரு பெருச்சாளியை, தட்டுவதற்கென்றே உட்கார்த்தி வைத்துவிட்டான். சிலும்பன் தெற்குக் கரையை ஒரு முறை சுற்றி வருவதற்குள் இருபது முப்பது தட்டு வாங்கி, ஆனந்தமாகத் தள்ளாடிக்கொண்டு வீடு போய்ச் சேர்வான்.

இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஊசிமணி. தையல்சிட்டு. கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. பொந்தையன் குடைந்துகொண்டிருந்த அதே மருத மரத்தை ஒட்டிய புதரில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டி, மூன்று முட்டை இட்டிருந்தாள். மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதை முதலில் உணர்ந்தவள் அவள்தான். முட்டைகள் கூட்டின் ஒரே பக்கமாக உருண்டுகொண்டிருந்தன.

அவள் சிலும்பனை வழியில் நிறுத்தினாள்.

"அண்ணே, இப்போது எதற்குப் போனீர்கள்?"

"கடிக்க."

"கடித்தீர்களா?"

"அவன் தட்டினான்."

"நேற்று?"

"நேற்றும் தட்டினான். முறைப்படிதான் தட்டினான் ஊசிமணி. இரண்டு தட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"மரம் சாய்கிறதே, அது எந்த முறை?"

சிலும்பன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான். சாய்ந்துதான் இருந்தது. ஆனால் சட்டத்தில் மரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பொந்தையன் நம்மவன், தட்டு சரியான தட்டு, தான் விட்டதும் சரி என்று மூன்றையும் எடுத்துச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவனுக்கே என்னவோபோல் இருந்தது.

அன்று முதல் மற்ற ஆறு கீரிகளையும் ஒவ்வொருவராகத் தெற்குக் கரைக்கு வரவழைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் தட்டு விழுந்தது. அடுத்தடுத்துத் தட்டு வாங்கியதில் அவர்கள் நடையே தளர்ந்துபோனது. வாலன் என்ற கீரி திரும்பியே வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போனால், பொந்தையன் வளை வாசலில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெருச்சாளிக் குட்டிகள் அவன்மேல் ஏறி இறங்கிப் போய்வந்தார்கள்.

சிலும்பன் வேறு வழிகளையும் முயன்று பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தான். பிடரியைக் காட்டக் கூடாது என்று பின்பக்கமாகவே நடந்து போனான். பின்பக்கமாகப் போகிறவனுக்குத் தட்ட வரும் கை தெரியாது என்பது தட்டு விழுந்த பிறகுதான் புரிந்தது. எப்படிப் போனாலும் தட்டு விழுந்தது. விழுந்தால் கோபம் இறங்கியது. அது அவன் கையில் இல்லை.

ஆற்றின் நிறம் செம்மையாக மாறத் தொடங்கிய வாரத்தில், ஒரு பிற்பகலில், அந்த மருத மரம் விழுந்தது.

காற்றுகூட இல்லை. மெள்ளச் சாய்ந்து, புதரையும் இழுத்துக்கொண்டு, ஆற்றுக்குள் தலை வைத்துப் படுத்தது. ஊசிமணியின் மூன்று முட்டைகளில் இரண்டு உடைந்துபோயின. மிஞ்சிய ஒன்றைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஊசிமணி பேசாமல் இருந்து அந்தக் காடு பார்த்ததில்லை.

வேர் பெயர்ந்த பள்ளத்தை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கரையே இல்லை. தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆழத்தில் இருந்த ஓட்டைகளில் ஆற்றுத் தண்ணீர் கசிந்து மினுங்கியது. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. வெள்ளம் வர நான்கு நாளோ ஐந்து நாளோ. அதற்குள் இந்த ஓட்டைகளை அடைக்காவிட்டால் காடு முழுவதும் முழுகிவிடும். பொந்தையனும் சேர்ந்துதான் முழுகுவான். அதை அவனிடம் போய்ச் சொன்னார்கள். "இன்னும் ஒன்றே ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

காடு கூடியது. முள்ளம்பன்றி முன்கோபக்காரன். சட்டத்தையே எடுத்துவிட வேண்டும், இனிமேல் யார் தட்டினாலும் கீரி கேட்கக் கூடாது என்று முள்ளைச் சிலுப்பிக்கொண்டு பேசினான். பலர் தலையாட்டினார்கள்.

அப்போது பதுங்கி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"என் அண்ணனும் தம்பியும் செத்த நாளை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அந்தத் தட்டு இருக்கிறது என்றுதான் என் பிள்ளைகளைப் புல்லுக்கு அனுப்புகிறேன்."

சிலும்பன் தலையைக் குனிந்துகொண்டான். சட்டம் இருந்தால் கரை போகும். சட்டம் போனால் பிள்ளைகள் போவார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டம் ஒன்றுதான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஊசிமணி வாய் திறந்தாள். போன வாரம் தான் பார்த்த ஒன்றைச் சொன்னாள். சிலும்பன் பிடரியில் ஒரு புங்க இலை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்ததாம். வாசலில் இருந்த பெருச்சாளி தட்டியதாம். சிலும்பனுக்குச் சிலிர்த்த மயிர் அப்படியே நின்றதாம். பெருச்சாளி பயந்து பின்வாங்குவதற்குள் காற்றில் இலை பறந்துவிட்டதாம். அடுத்த தட்டில் அவன் வழக்கம்போல அடங்கிவிட்டானாம்.

"சட்டம் இருக்கட்டும்" என்றாள் அவள். "சுழியை மட்டும் மூடிவிடலாம். நான் தைத்துத் தருகிறேன். வேலை முடிந்ததும் நானே பிரித்துவிடுகிறேன்."

பதுங்கி சிலும்பனைப் பார்த்தாள். மூடியிருக்கும்போது தன் பிள்ளை தட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்குச் சிலும்பன், தட்டு எட்டாத நாட்களில் கண்ணால் பார்த்துத்தான் கடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தான். அவன் வாக்குத் தவறியவன் இல்லை என்பதால் அவள் ஒப்புக்கொண்டாள்.

ஊசிமணி பூவரச இலைகளை எடுத்து, நடுவில் இலவம் பஞ்சு வைத்து, சிலந்தி நூலால் தைத்தாள். வேப்பம் பிசின் தடவி ஒவ்வொரு கீரியின் பிடரியிலும் ஒட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த வாலனுக்குத் தூக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். அவன் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, இது யார் வீட்டு வாசல் என்று கேட்டான்.

மறுநாள் காலை சிலும்பன் பொந்தையன் வாசலுக்குப் போனான். பொந்தையன் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். வழக்கம்போலச் சிரித்தான்.

"வாருங்கள் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டித் தட்டினான்.

டொப், டொப் என்று கேட்டது.

சிலும்பனுக்கு மயிர் சிலிர்த்தது. முதலில் முதுகில், பிறகு விலாவில், பிறகு வால்வரைக்கும். அவன் இரண்டு மடங்கு பெரிதானான். இத்தனை நாள் இறங்கி இறங்கிப் போன கோபமெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. பொந்தையன் மறுபடி தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, சிரிப்பில்லாமல் அவனைப் பார்த்தான்.

"நான் இந்தக் காட்டில் பிறந்தவன் அண்ணே. நான் நம்மவன் இல்லையா?"

"நம்மவன்தான். அதனால்தான் இத்தனை நாள் விட்டேன்" என்றான் சிலும்பன். "இந்தக் கரையும் நம்முடையதுதானே, பொந்தையா?"

பொந்தையன் வளைக்குள் பாய்ந்தான். சிலும்பனும் பின்னாலேயே பாய்ந்தான். உள்ளே வளைக்குள் வளை, கிளைக்குள் கிளை. தோண்டியவனுக்கே எது எங்கே போகிறது என்று தெரியவில்லை. திரும்பித் திரும்பி ஓடிய பொந்தையன், தானே பாதியில் விட்டிருந்த ஒரு முட்டுச்சுவரில் போய் மோதி நின்றான். அங்கே அவன் கதை முடிந்தது. மற்றக் கீரிகளும் ஆளுக்கொரு வாசலாக நுழைந்தார்கள். டொப் டொப் என்று நாலா பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தத் தட்டும் யாருக்கும் எட்டவில்லை. மாலைக்குள் அந்த வளைகளில் பெருச்சாளி யாரும் மிச்சமில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கீரிகள் மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் தட்டு எட்டாத கீரிக்குப் பெருச்சாளியின் தட்டும் ஒன்றுதான், மற்றவர் தட்டும் ஒன்றுதான்.

சட்டமே வேண்டாம் என்று பேசிய முள்ளம்பன்றியை வாலன் மூக்கில் கடித்துவிட்டான். முள்ளம்பன்றி தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் வாலனே முள் குத்தி விட்டுவிட்டான். அன்று முழுவதும் முள்ளம்பன்றி மூக்கைச் சேற்றில் வைத்துக்கொண்டு, சட்டத்தின் அருமையைப் பற்றிக் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பேசினான்.

சிலும்பனுக்கு நேர்ந்தது வேடிக்கை இல்லை.

வறண்ட பள்ளத்தோரம் புல் அசைந்தது. அவன் உடம்பில் கோபம் இன்னும் இறங்கவில்லை. பாய்ந்தான். பல்லில் ஏதோ மென்மையாக அகப்பட்டது. பிடரியில் ஒரு சின்னக் கை டொப், டொப் என்றது. அவனுக்கு எதுவும் இறங்கவில்லை. பல் அழுந்தியது. அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தான். வாயில் இருந்தது ஒரு முயல் காது. பதுங்கியின் கடைசிப் பெண் குறுங்காது, கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தாள்.

இதுவரை அவன் யாரையும் தானாக விட்டதில்லை. தட்டுத்தான் விட வைத்தது. இப்போது ஒவ்வொரு பல்லாக அவனே எடுக்க வேண்டியிருந்தது. அவன் பிடித்த பாம்புகள் எதுவும் அவனுக்கு அவ்வளவு கஷ்டம் கொடுத்ததில்லை. காதின் ஓரம் கிழிந்து ரத்தம் வந்தது.

பதுங்கி ஓடி வந்தாள். கத்தவில்லை. பிள்ளையின் காதை நக்கிச் சுத்தம் செய்தாள். சிலும்பன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றான்.

"கடித்துவிட்டுப் பார்த்தாய்" என்றாள் அவள், அவனைப் பார்க்காமலேயே. "அடுத்த முறை பார்த்துவிட்டுக் கடி."

சிலும்பன் அங்கிருந்து நடந்தான்.

கரையின் கிழக்கு மூலையில் இன்னும் ஒரு வளை பாக்கி இருந்தது. அதிலிருந்தும் பெருச்சாளி வாடை அடித்தது. அவனுக்கு மறுபடி சிலிர்த்தது. ஆனால் பாயவில்லை. வாசலுக்கு நான்கு அடி முன்னால் நின்றான்.

உள்ளேயிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்தாள். அவள் செம்மாயி, பொந்தையனின் தங்கை. அவன் அளவு மறந்தபோது அவனோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த மூலைக்கு வந்துவிட்டவள். அவளுக்குச் சேதி எட்டியிருந்தது. சிலும்பன் பிடரியில் இருந்த மூடியைப் பார்த்தாள். தட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. அவள் கையை நீட்டவில்லை. வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ளே வந்து பாருங்கள் அண்ணே."

சிலும்பன் குனிந்து உள்ளே போனான். ஒரே வளை. உலர்ந்த புல்லில் இரண்டு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பயந்து கிடந்தார்கள். மூலையில் பட்டுப்போன வேர்கள் கொஞ்சம் இருந்தன. பின்சுவரில் ஓர் ஓட்டை. அது பொந்தையன் பிள்ளைகள் அந்தப் பக்கத்திலிருந்து குடைந்தது. அதைச் செம்மாயி பாதிக்குமேல் மண் குழைத்து அடைத்திருந்தாள். அவள் கையில் அந்த ஈரமண் இன்னும் இருந்தது.

சிலும்பனின் மயிர் படிந்தது. யாரும் தட்டவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "அண்ணன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தன் கையில் இருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தாள்.

"சின்ன வயதில் அவன் இப்படி இல்லை."

"தெரியும் அம்மா" என்றான் சிலும்பன்.

வெள்ளம் வரும் முன் மூன்று நாள் இருந்தது. எந்த வளை எங்கே போய் எதில் சேரும் என்பதைச் செம்மாயிதான் மோந்து மோந்து சொன்னாள். அவள் காட்டிய இடத்திலெல்லாம் கீரிகள் மண்ணைத் தள்ளினார்கள். முயல்கள் மிதித்தார்கள். முள்ளம்பன்றி மூக்கு வலிக்க வலிக்கக் கல் உருட்டினான். ஓடையை வெட்டிப் பழைய வழிக்கே திருப்பினார்கள். நான்காம் நாள் ஆறு சீறிக்கொண்டு வந்தது. கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. இரண்டு பகல் அங்கேயே நின்றது. ஒரே ஓர் இடத்தில் தண்ணீர் பீறிட்டபோது சிலும்பன் தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு, மற்றவர்கள் மண் கொண்டு வரும்வரை நகரவில்லை. கரை உடையவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஊசிமணி சொன்னபடி வந்தாள். அவள் புதிதாகத் தைத்த கூட்டில், மிஞ்சிய முட்டை குஞ்சாகியிருந்தது. இரை தேட நேரம் போதாத அவசரத்தில் இருந்தாள். நூலைச் சர்ரென்று இழுத்து ஏழு மூடிகளையும் பிரித்துவிட்டு, பிசின் ஒட்டிய மயிரைப் பற்றி யாரும் தன்னிடம் புகார் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

அதன் பிறகும் காட்டில் பிடரித் தட்டு இருக்கிறது. யார் தட்டினாலும் சிலும்பன் உடனே விட்டுவிடுவான். ஆனால் விட்டதும் போய்விட மாட்டான். அங்கேயே உட்கார்ந்து, "உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா?" என்று மரியாதையாகக் கேட்பான். சிலர் முணுமுணுப்பார்கள். ஆனாலும் வாசலை விட்டு ஒதுங்கி வழி விடுவார்கள். அவனும் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவான்.

ஒரு நாள் ஆமையிடமும் அப்படியே கேட்டான். ஆமை அவனை மேலும் கீழும் பார்த்தது. "தாராளமாகப் பார்" என்று சொல்லிவிட்டுத் தலையையும் நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சிலும்பன் அந்த ஓட்டு வாசலில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தான்.

நீதி: நம்மவர் என்ற அடையாளத்துக்கு மதிப்புக் கொடு, ஆனால் அவர் செய்வதைப் பார்க்கும் கண்ணை அதற்காக மூடிக்கொள்ளாதே.